மூன்றாவது லிஃப்ட்

முதலில் பொத்தானைப் பார்க்கணும்.
கண்ணை எடுத்து, கதவு இடுக்கைப் பார்த்து,
மறுபடி பொத்தானைப் பார்க்கணும்.
நான்கு நான்காகவே இருந்தால்
ராத்திரி டூட்டி.
நான்கு ஒன்பதாகியிருந்தால், இல்லை
வங்காள எழுத்தாகி நெளிந்தால்
தூங்கிக்கொண்டிருக்கிறேன்,
காகிதப்பட்டறையில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே,
பகல் பதினொன்றுக்கு,
நாற்பத்திரண்டு டிகிரியில்.

இது பிடிபட நாலு மாசம் ஆனது.
விழித்திருக்கும்போதே பார்த்துப் பழகணும்,
ஸ்ட்ரெச்சரோடு ஆள் நிற்கும்போதும்.
"இன்னா சௌந்தரபாண்டி,
பொத்தான் மேலயே சந்தேகமா?" என்பார்
செக்யூரிட்டி எத்திராஜுலு.
ஆமாம் என்பேன்.
இந்தத் தொழிலுக்குச் சந்தேகம்தான் முதல்.

இன்னொரு வழியும் வைத்திருக்கிறேன்.
சட்டைப் பையில் எப்போதும்
ஒரு இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்காய்.
காம்பை அழுத்தினால் குத்தும்.
கனவில் குத்தாது,
வேகவைத்த மாதிரி விட்டுக்கொடுக்கும்.
பையில் ஏறிய கறை என்ன என்று கேட்க
வீட்டில் ஆள் இல்லை.

கனவென்று தெரிந்ததும் கத்தக் கூடாது.
முதல் தடவை சந்தோஷத்தில் கத்தினேன்,
கூரை வந்துவிட்டது.
உள்ளங்கை இரண்டையும் தேய்க்கணும்,
குளிருக்குத் தேய்ப்பதுபோல
(வேலூர்க்காரனுக்கு அது சினிமாவில் பார்த்ததுதான்).
கனவு கெட்டிப்படும்,
உறை ஊற்றிய பால் மாதிரி.
அப்புறமும் கலங்கினால்
நின்ற இடத்திலேயே ஒரு சுற்று.

வா என்று கூப்பிட்டால் எதுவும் வராது.
அகழிக்கு மேலே பறக்கணும் என்று
கையை விரித்து உத்தரவு போட்டேன்.
வேர்க்கடலை விற்கிறவன் சிரித்தான்.
கதவுக்குப் பின்னால் அது
ஏற்கெனவே இருக்கிறது என்று இருக்கணும்.
அரிசி டப்பாவைத் திறப்பதுபோல
அலட்சியமாகத் திறக்கணும்.

அப்படித்தான் பிரேமகுமாரி வந்தாள்.
ஆறாவது மாடி.
ராணிப்பேட்டைக்குப் போன அன்று கட்டியிருந்த
பாசிப்பச்சைச் சேலை,
கழுத்தில் ஷூ கம்பெனி அட்டை.
ஏன் போனே என்றேன்.
"உனக்கு என்னைவிடத் தூக்கம் பெரிசு" என்றாள்.
அது நான் எனக்குச் சொல்லிவந்த பதில்.
மறுநாளும் அதே.
சேலையை மாற்றினேன். குரலை மாற்றினேன்.
அவள் அம்மாவை வரவழைத்துச் சாட்சி கேட்டேன்.
எல்லார் வாயிலும் என் நாக்கு.

பதினேழு பகல் இப்படி.
என் சொல்படி நடக்கிற ஊரில்
எனக்குத் தெரியாத ஒரு வார்த்தைகூட
யாரிடமும் இல்லை.

நேற்று பொத்தானிலிருந்து கையை எடுத்தேன்.
அதில் உத்தி ஒன்றும் கிடையாது,
விரல் கடுத்தது, எடுத்தேன்.
லிஃப்ட் தானாக இறங்கியது.
தரைத்தளம் தாண்டி, பிணவறை தாண்டி,
எந்த எண்ணும் எரியாமல்.

திறந்தால் பாலாறு.
விருதம்பட்டுப் பாலத்துக்குக் கீழே
வெறும் மணல்.
தண்ணீர் விட்டிருக்கலாம், எனக்கு முடியும்,
முதுகைக் காட்டி நின்றுவிட்டுத்
திரும்பிப் பார்த்தால் கரை புரண்டிருக்கும்.
செய்யவில்லை.

முழங்கைவரை மணலுக்குள் விட்டு
ஊற்றுத் தோண்டிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.
எங்கும் பார்த்த முகம் இல்லை.
முன்பல்லில் ஒரு சில்லு பெயர்ந்திருந்தது.
நிமிர்ந்து பார்த்து,
"ஏனம் எதுனா எடுத்தாந்தியா?" என்றாள்.

எடுத்துப் போகவில்லை.

இன்று டூட்டி முடிந்து வந்து
பையிலிருந்த கத்தரிக்காயை
குழம்புக்கு அரிந்துவிட்டேன்.
தலைமாட்டில் ஒரு சொம்பு இருக்கிறது.
பெரிய சொம்புதான்.